ஓடெட்டுக்கு ஆறாத கோபம்

ஓடெட் ஃபோர்ட்டெஸுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். பாவ்டக்கெட் என்கிற ஆலைநகரத்தில் அவள் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியில் இது எல்லாருக்கும் தெரியும். கத்துகிற வாத்தியாரிடம் பையன்கள் சிரித்துக்கொண்டே திட்டு வாங்கிக்கொள்வார்கள். ஓடெட் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அந்தக் கோபத்துக்கு வயது அதிகம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கேப் வெர்டியின் ஃபோகோ தீவிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்கு நூல் ஆலையில் வேலை, அம்மாவுக்குக் கவரிங் நகைத் தொழிற்சாலையில் பற்றவைக்கிற வேலை. ஓடெட் அதே பள்ளியில் கடைசி வருடம் படித்தபோது வகுப்பில் இரண்டாம் இடம். மேல்படிப்புக்கு வழி சொல்ல அன்றைக்கும் ஓர் ஆலோசகர் இருந்தார். அவர் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "டைப்ரைட்டிங் கத்துக்கம்மா. உங்கம்மா வேலை பாக்குற இடத்துலயே ஆபீஸ்ல எடுத்துப்பாங்க" என்றார். அவளும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். ஆபீஸிலும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தலையாட்டல்தான் அவளைப் பிறகு தூங்கவிடவில்லை. பத்து வருடம் போல விலைச்சீட்டு அடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் மாநிலக் கல்லூரியில் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். படித்து, மேலும் படித்து, கடைசியில் அதே பள்ளியில், அதே அறையில், ஆலோசகராக வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதுகூடச் சரியில்லை. அந்த மனிதர் உட்கார்ந்திருந்த நாற்காலி அப்போதும் அங்கேயே இருந்தது. முதல் வேலையாக அதைத் தூக்கி வெளியே போட்டாள்.

ஆலோசகர் என்றால் கல்லூரிக்கு வழி காட்டுபவர் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எண்ணூறு பிள்ளைகளுக்கு இரண்டு பேர். பாட நேரம் மாற்றுவது, அடிதடியைப் பிரித்துவிடுவது, வாடகை கட்டாமல் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பத்துக்கு இடம் தேடுவது, அழுகிறவர்களுக்குக் காகிதக் கைக்குட்டை நீட்டுவது, இத்தனையும் போக மிச்சமிருக்கும் நேரம்தான் கல்லூரிக்கு. ஊரை ஒட்டிய வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்துப் பணக்கார ஊர்களில் அப்படி இல்லை. அங்கே ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும்போதே அவனுக்கென்று ஒரு தனி ஆலோசகரைப் பெற்றோர் அமர்த்திவிடுவார்கள். எந்தக் கோடையில் எங்கே போக வேண்டும், எந்த வாத்தியத்தை விட்டுவிட வேண்டும், எந்த ஏழைக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித் தருவார்கள். ஓடெட்டின் பிள்ளைகளும் அந்தப் பிள்ளைகளும் ஒரே பல்கலைக்கழகத்துக்கு, ஒரே விண்ணப்பத்தில், ஒரே கட்டங்களை நிரப்ப வேண்டும்.

அந்தக் கட்டங்களில்தான் அவளுடைய பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் சறுக்குவார்கள். 'பள்ளிக்கு வெளியே நீங்கள் செய்பவை' என்று ஒரு பகுதி வரும். அதை வெறுமையாக விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். ஜந்தீரா பாரோஸும் அப்படித்தான் ஓர் அக்டோபர் மதியம் வந்து நின்றாள். மெலிந்த பெண், பேசும்போது கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துக் கடிக்கிற பழக்கம். கணக்கிலும் உயிரியலிலும் அந்தப் பள்ளியிலேயே அவளை அடிக்க ஆள் கிடையாது.

"இதுல ஏன் ஒண்ணுமே எழுதல?" என்றாள் ஓடெட்.

"எழுத ஒண்ணும் இல்ல மிஸ். நான் எதுலயும் சேரல."

"பள்ளிக்கூடம் விட்டதும் எங்க போறே?"

"கிளினிக்குக்கு. எங்கம்மா அங்க கூட்டித் துடைக்கிற வேலை. அவங்க முடிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன்."

"சும்மாவா உக்காந்திருப்பே?"

"சும்மாதான். பெரியவங்க யாராவது கூப்பிடுவாங்க. மருந்துச் சீட்டுல என்ன போட்டிருக்குன்னு கேப்பாங்க. டாக்டர் சொன்னது புரியலேன்னா திருப்பிச் சொல்லுவேன். சில பேரு வீட்டுக்கு வந்த ஆஸ்பத்திரிக் கடுதாசியெல்லாம் பையில போட்டு எடுத்துட்டு வருவாங்க."

"ஃபோன்ல மொழிபெயர்க்க ஆள் இருக்காங்களே?"

"அவங்க போர்ச்சுகீசு பேசுவாங்க மிஸ். ஃபோகோக்காரக் கிழவருக்கு அதுல பாதிதான் புரியும். மரியாதைக்குத் தலைய ஆட்டிட்டு வந்துடுவாரு. அப்படித்தான் சில்வீனோ தாத்தா ரத்தக் கொதிப்பு மாத்திரைய ரெண்டு மடங்கு முழுங்கிட்டிருந்தாரு. நான்தான் பாட்டிலப் பாத்துட்டு நர்ஸ் கிளாடெட்டக் கூட்டிட்டு வந்தேன். அதுலேருந்து செவ்வாய், வெள்ளி என்னைத் தேடிட்டே வந்துடுறாங்க."

"எத்தன நாளா இது நடக்குது?"

"ஒன்பதாவது படிக்கிறப்போலேருந்து."

ஓடெட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இதுக்குப் பேருதான் ஒண்ணும் இல்லையா?"

"இதெல்லாம் எழுதலாமா மிஸ்?" ஜந்தீராவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "இது வீட்டு வேலை மாதிரிதானே."

எழுதினார்கள். ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஜந்தீராவின் வாக்கியங்களில் பெருமை எட்டிப் பார்த்தால் ஓடெட் இருக்கட்டும் என்பாள், ஜந்தீரா அடித்துவிடுவாள். பேச்சுவாக்கில்தான் எம்மெட் ஹாலோவேயின் பெயரும் வந்தது. போன வசந்தத்தில் வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு உதவி செய்யவென்று வந்த பையன். அவன் வயதுதான். நல்ல மாதிரி. தீவுக்காரர்கள் வீட்டில் பேசுகிற கிரியோலில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஜந்தீரா செய்வதைப் பார்த்துவிட்டு ஓர் இணையதளம் செய்தான், 'உள்ளூர்க் குரல்' என்று பெயர் வைத்தான், அழைக்க ஒரு எண் வாங்கினான், கிளினிக் சுவரில் பளபளவென்று சுவரொட்டி ஒட்டினான். எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்க ஜந்தீராவும், அவள் சேர்த்துவிட்ட மாதா கோவில் பெண்கள் நாலைந்து பேரும்.

"பேப்பர்லகூட வந்துச்சு மிஸ்" என்று கைபேசியைக் காட்டினாள்.

படத்தில் எம்மெட் கையை மார்புக்குக் குறுக்கே கட்டி நிமிர்ந்து நின்றான். தலைப்பில் அவன் பெயருக்கு முன்னால் 'நிறுவனர்' என்று இருந்தது. ஓரத்தில் ஒரு கிழவியின் பக்கம் குனிந்து பேசிக்கொண்டிருந்த ஜந்தீராவின் பாதி முகம். கீழே, 'ஒரு தன்னார்வலர்'.

"உனக்கு இதப் பாத்து ஒண்ணும் தோணலையா?"

"போஸ்டர் நல்லாத்தானே இருக்கு மிஸ். முன்ன வராதவங்கல்லாம் இப்பக் கூப்பிடுறாங்க."

ஓடெட்டுக்குத் தோன்றியது. ஆனால் பெண்ணுக்கே வருத்தம் இல்லாதபோது நாம் எதற்குக் கிளறுவது என்று விட்டுவிட்டாள். விண்ணப்பம் பல இடங்களுக்குப் போனது. அதில் ஒன்று, பக்கத்து மாநிலத்தில் இருக்கிற, பெயரைச் சொன்னாலே ஜனங்கள் நிமிர்ந்து பார்க்கிற பல்கலைக்கழகம். ஜந்தீராவின் மதிப்பெண்ணுக்கு அது எட்டாக் கனியில்லை.

ஜனவரியில், பனி கொட்டி முடிந்த ஒரு காலையில், அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவிலிருந்து ஓடெட்டுக்கு ஃபோன் வந்தது. கெல்சி ப்ராண்ட் என்று ஒரு இளம்பெண். இந்தப் பகுதி விண்ணப்பங்களை முதலில் படிப்பவள் அவள்தான். குரலில் அத்தனை கனிவு.

"ஜந்தீராவோட ஃபைல் ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு சின்ன விஷயம், தெளிவு பண்ணிக்கத்தான். அவங்க எழுதியிருக்கிற அந்த மொழிபெயர்ப்பு வேலை, அது வேற ஒருத்தர் தொடங்கின அமைப்பு மாதிரி தெரியுதே. பேர் நான் சொல்லக் கூடாது. செய்தியெல்லாம் வந்திருக்கு. ஜந்தீரா அதுல தன்னார்வலரா இருந்தாங்களா? ஒருவேளை எழுதுறப்போ கொஞ்சம் பெருசு பண்ணிட்டாங்களோன்னு..."

ஓடெட் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது.

"மிஸ் ப்ராண்ட், அவ எழுதினதுல நான் எதையும் கூட்டல. அவதான் குறைச்சா. மூணு வருஷமா அவ பண்ணிட்டிருந்த வேலைக்கு போன வசந்தத்துல ஒரு பையன் வந்து பேர் வச்சான். நடந்தது அவ்வளவுதான்."

"புரியுது, புரியுது. அத ஃபைல்ல குறிச்சுக்கறேன்" என்றாள் கெல்சி.

அந்தக் 'குறிச்சுக்கறேன்' ஓடெட்டுக்குப் பிடிக்கவில்லை. மதியம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே கிளினிக்குக்குப் போனாள். தலைமை நர்ஸ் கிளாடெட் கன்யோன் அவளோடு படித்தவள், கனடாக்கார வம்சம், ஊசி போடுவதுபோலவே பேசுவாள்.

"அந்தப் பையனா? நவம்பர்லேருந்து ஆளையே காணோம்" என்றாள் கிளாடெட். "விண்ணப்பம் அனுப்புற தேதி எப்போ முடிஞ்சுது?"

"நவம்பர் முதல் தேதி."

"அப்போ கணக்குச் சரியாப் போச்சு. மொத மொதல்ல எனக்கு ஃபோன் பண்ணது அவன்கூட இல்ல ஓடெட். அவனோட ஆலோசகராம், மெரடித் ஸ்லோன்னு ஒரு அம்மா. எங்க மாணவர் ஒருத்தருக்குக் குடியேறிய மக்களுக்குச் சேவை செய்ய ரொம்ப ஆர்வம், உங்ககிட்ட தேவை ஏதாவது இருக்கான்னு கேட்டா. எனக்கு எலும்பு முறிவுக்குப் படுக்கை தேவை, அத வாங்கித் தருவியான்னு கேட்டேன். சிரிச்சா."

மெரடித் ஸ்லோனின் அலுவலகம் கடலைப் பார்த்து இருந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சோபா, சுவரில் பல்கலைக்கழகக் கொடிகள். ஓடெட் கிளினிக்கிலிருந்து நேரே, முன்பதிவு இல்லாமல் போனாள். மெரடித் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து வந்து இரண்டு கையாலும் கை பிடித்தாள்.

"ஓடெட், உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். நாம ரெண்டு பேரும் ஒரே வேலைதானே பண்றோம்."

"இல்ல. பிள்ளைங்ககிட்ட இருக்கிறத நான் எழுதச் சொல்றேன். நீங்க மொதல்ல எழுதிட்டு, அப்புறம் அது இருக்கிற மாதிரி ஏற்பாடு பண்றீங்க."

மெரடித்தின் சிரிப்பு மாறவில்லை. "எம்மெட் விஷயமா வந்திருக்கீங்க. நீங்க கோபப்படுறது எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணு அங்கங்க உதவி பண்ணிட்டு இருந்துச்சு, அழகான விஷயம். எம்மெட் அதுக்கு ஒரு உருவம் குடுத்தான். பேரு, இணையதளம், ஃபோன் நம்பர். உருவம் குடுக்கிறவங்களத்தான் நிறுவனர்னு சொல்றது."

"அந்த ஃபோன எடுக்கிறது யாரு?"

"தன்னார்வலர்கள் இருக்காங்க."

"அவங்க பேரு என்ன?"

மெரடித் மேசையிலிருந்த கோப்பு ஒன்றை எடுத்து நேராக வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாது" என்றாள் ஓடெட். "எம்மெட்டுக்காவது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க. அந்தக் கிழவங்களுக்கு எல்லாரோட பேரும் தெரியும். பல்கலைக்கழகத்துலேருந்து இன்னைக்குக் காலையில எனக்கு ஃபோன் பண்றாங்க. என் பொண்ணு பொய் சொல்றாளான்னு கேக்குறாங்க. அவ சொந்த வேலையப் பத்தி அவளே பொய் சொல்றாளான்னு. நீங்க பண்ணது உங்களுக்கு உறைக்குதா?"

"அந்தப் பல்கலைக்கழகம் என்ன நினைக்குதுன்றதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது" என்றாள் மெரடித். முதல்முறையாக அவள் குரலில் கனிவு விலகி ஒரு வியாபாரக் கறார் தெரிந்தது. "என் வேலை என் மாணவனுக்காக."

வெளியே வந்தபோது எம்மெட் ஹாலோவே நேர்காணல் பயிற்சிக்காக வந்து காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். செய்தித்தாள் படத்தில் பார்த்த அதே முகம். ஆனால் படத்திலிருந்த நிமிர்வு இல்லை. தோள் குறுகிய, வளர்ந்துகொண்டே இருக்கிற பையன். விரல் நகங்களில் கறுப்பு மசகு. ஓடெட் தன் பெயரையும் பள்ளியையும் சொன்னாள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"ஜந்தீரா எப்படி இருக்காங்க மேடம்?"

"நல்லா இருக்கா. செவ்வாய், வெள்ளி கிளினிக்குக்குப் போறா. நீ ஏன் போறதில்ல?"

அவன் சாவிக்கொத்தைத் திருகினான். "எனக்குக் கிரியோல் வராது மேடம். அங்க போனா நான் சும்மா நிக்கிறேன். அவங்கதான் எல்லாம் பண்றாங்க."

"அப்போ நிறுவனர்னு ஏன் போட்டே?"

"நான் வேறதான் எழுதினேன். படகுத் துறையில நான் பழைய மோட்டாரெல்லாம் சரி பண்ணுவேன். கடல் தண்ணி உள்ள போயி செத்துப்போன மோட்டார். ஒவ்வொண்ணாக் கழட்டி, ஊறப் போட்டு, திருப்பி ஓட வைப்பேன். அதப் பத்தித்தான் எழுதியிருந்தேன். மிஸ் ஸ்லோன் படிச்சுட்டு, இந்த வளைகுடாவுல ரெண்டு பையன்ல ஒருத்தன் படகப் பத்தித்தான் எழுதுறான், வேணாம்னுட்டாங்க."

ஓடெட்டுக்கு அந்த நிமிடம் வந்த கோபம் வேறு மாதிரி. பையனிடம் கொட்ட வந்திருந்தாள். அவனுக்காகவும் சேர்த்துக் கோபப்பட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. செத்த மோட்டாரை ஓட வைக்கிற பையனைப் பிடித்து, அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்தவள் வேலையைத் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு அவன் வீட்டில் பணமும் கொடுத்திருக்கிறார்கள்.

"என்கிட்ட வந்திருந்தா அந்த மோட்டாரத்தான் மொதல் வரியில வச்சிருப்பேன்" என்றாள். "சரி, போனது போகட்டும். இப்போ நீ ஒண்ணே ஒண்ணு பண்ணணும். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீயே எழுதணும். அந்த வேலையத் தொடங்கினது ஜந்தீரா, நீ பின்னாடி சேந்தேன்னு. உன் விண்ணப்பத்த வாபஸ் வாங்கச் சொல்லல. உள்ளத உள்ளபடி சொல்லு, போதும்."

"எழுதுறேன் மேடம்" என்றான் எம்மெட். அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். அந்த நேரத்தில் அவன் அதை மனதாரச் சொன்னான் என்றுதான் ஓடெட் பிற்பாடும் நம்பினாள்.

எழுதவும் செய்தான். சில நாள் கழித்து அதன் நகலை மெரடித்தே ஓடெட்டுக்கு அனுப்பிவைத்தாள், கூடவே 'பிரச்சினை இனிதே முடிந்ததில் மகிழ்ச்சி' என்று ஒரு வரி. எம்மெட்டின் பெயரில் இருந்த அந்தக் கடிதத்தில் எம்மெட் பேசுகிற மாதிரி ஒரு வாக்கியம்கூட இல்லை. 'எங்கள் அமைப்பின் மிகுந்த அர்ப்பணிப்புள்ள தன்னார்வலர்களில் ஒருவரான ஜந்தீரா பாரோஸின் பங்களிப்பை நான் மனமாரப் பாராட்ட விரும்புகிறேன்' என்று அது தொடங்கியது.

ஓடெட் அதை இரண்டு தரம் படித்தாள். பக்கத்து அறை ஆலோசகர் எட்டிப் பார்த்து, "என்ன, நல்ல சேதியா?" என்று கேட்டார்.

"ஆமா. திருட்டுக் குடுத்த வீட்டுக்காரிக்கு, நீ வீட்ட நல்லாப் பாத்துக்கிட்டேன்னு திருடினவங்களே சான்றிதழ் குடுத்திருக்காங்க" என்றாள்.

அன்றே கிளாடெட்டைக் கூட வைத்துக்கொண்டு கெல்சி ப்ராண்டுக்கு ஃபோன் போட்டாள். கிளாடெட் தன் பாணியில் ஆதியோடந்தம் சொன்னாள். மாத்திரைக் கதையைச் சொன்னாள். எம்மெட் எந்த மாதம் வந்தான், எந்த மாதம் நின்றான் என்று சொன்னாள். கெல்சி பொறுமையாகக் கேட்டாள், இருவருக்கும் நன்றி சொன்னாள், குறித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மார்ச் கடைசியில் முடிவுகள் வந்தன. அந்தப் பல்கலைக்கழகம் எம்மெட் ஹாலோவேயை எடுத்துக்கொண்டது. ஜந்தீரா பாரோஸை இல்லை என்றது. காரணம் சொல்லும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. மாசசூசெட்ஸில் இருக்கிற வேறொரு கல்லூரி, சிறியது, நல்லது, அவளை முழு உதவித்தொகையோடு அழைத்திருந்தது. அதனால் ஜந்தீரா அழுதுகொண்டு வரவில்லை. ஓடெட்டின் அறைக்கு வந்து, சங்கிலியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அவங்க என்னைப் பொய்க்காரின்னு நெனச்சாங்களா?"

ஓடெட் இதற்குத் தயாராக இல்லை. ஜனவரி ஃபோனைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை. கிளினிக்கில் யாரோ பேசிக்கொண்டது பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெண் நிம்மதியாகப் போய்விடுவாள். அது தெரிந்தும் ஓடெட்டால் சொல்ல முடியவில்லை.

"கேட்டாங்க" என்றாள். "கேட்டப்போ நான் உண்மையச் சொன்னேன். கிளாடெட்டும் சொன்னா. அதுக்கப்புறம் என்ன நெனச்சாங்கன்னு எனக்குத் தெரியாது."

ஜந்தீரா வாயிலிருந்து சங்கிலியை எடுத்தாள். "எடுக்காட்டாப் பரவால்ல மிஸ். நெறைய பேர எடுக்கலியே. ஆனா அப்படி நெனச்சிருந்தாங்கன்னா..." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் மொதல்லயே எழுத ஒண்ணும் இல்லேன்னுதான் சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவள் குற்றம் சாட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் போன பிறகு ஓடெட் கதவைச் சாத்திக்கொண்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, மூச்சு அடங்கும்வரை நின்றாள். மூன்று வருடம் யாரும் கேட்காமலே செய்த பெண் அவள். அதை வெளியே சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக் கொடுத்தது இந்த அறை. சொன்னதும், நிஜமா என்று கேட்டது வெளியுலகம்.

மே மாதத்தில் அந்தப் பல்கலைக்கழகம் சுற்றுவட்டார ஆலோசகர்களுக்கெல்லாம் ஓட்டலில் ஒரு காலை விருந்து வைத்தது. வருடாவருடம் நடப்பதுதான். பழம், ரொட்டி, காபி, அதற்குப் பிறகு மேடைப் பேச்சு. கெல்சி ப்ராண்ட் ஒலிவாங்கியைப் பிடித்து, "உங்க மாணவர்கள்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவங்க அவங்களாவே இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது உண்மை மட்டும்தான்" என்றாள். கைதட்டினார்கள். கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். ஓடெட் எழுந்தாள்.

"யாரோட பேரையும் நான் சொல்லப் போறதில்ல" என்று தொடங்கினாள். குரல் தாழ்ந்திருந்ததால் பின்வரிசையில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "ரெண்டு பேரு ஒரே வேலையத் தன்னோடதுன்னு எழுதியிருந்தாங்க. ஒருத்தன் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம். ஒருத்தி எங்க பக்கம். ரெண்டுல ஒண்ணு சரியில்லன்னு உங்களுக்குத் தோணுச்சு. நியாயம்தான், தோணணும். எனக்கு ஃபோன் பண்ணீங்க. எங்க பொண்ணு பெருசு பண்ணிட்டாளான்னு கேட்டீங்க. அவனோட பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் பண்ணி, உங்க பையன் பெருசு பண்ணிட்டானான்னு கேட்டீங்களா?"

கெல்சி பதில் சொல்ல ஆரம்பித்தாள். "ரொம்ப நல்ல கேள்வி..."

"நல்ல கேள்வியான்னு நான் கேக்கல. கேட்டீங்களா, இல்லையா?"

கெல்சி பக்கத்தில் நின்ற தன் மேலதிகாரியைப் பார்த்தாள். அவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு தனிப்பட்ட விண்ணப்பங்களைப் பற்றி இங்கே பேச இயலாது என்றார்.

"சரி, பேச வேணாம்" என்றாள் ஓடெட். "ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. பொய் இந்தப் பக்கம்தான் இருக்கும்னு உங்களுக்குச் சொன்னது எது? வீட்டு விலாசமா, பள்ளிக்கூடத்துப் பேரா? உண்மையா இருங்கன்னு எங்க பிள்ளைங்ககிட்ட நாங்க சொல்லிக்கிட்டேதான் இருக்கோம். அவங்க இருக்காங்க. அதுக்குச் சாட்சி சொல்ல ரெண்டு பெரியவங்க வரணும்னு கேக்குறீங்க. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு ஃபோட்டோ போதும்."

உட்கார்ந்துவிட்டாள். மடியில் துணியைப் போட்டுக்கொண்டாள்.

விருந்து முடிந்ததும் கெல்சி நடைபாதையில் அவளைத் தேடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "செய்தித்தாள்ல வந்திருந்துச்சு. அதனாலதான்... வேற எதனாலயும் இல்ல."

"செய்தித்தாள்காரங்களக் கூப்பிட்டது யாருன்னு நீங்க கேக்கலயே."

ஓடெட்டுக்கு அந்தப் பெண்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனால் அதற்காக முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் மற்ற ஆலைநகரங்களின் ஆலோசகர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரிடமும் இந்த மாதிரி ஒன்று இருந்தது. ஒருத்தருடைய மாணவி மூன்று தம்பிகளை வளர்த்ததை யாரும் நம்பவில்லையாம். இனிமேல் இப்படி ஃபோன் வந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, எதிர்க் கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் மேலிடத்திலிருந்து பள்ளி முதல்வருக்கு அந்தப் பேச்சைப் பற்றி ஒரு புகார் வந்தது. அவர் ஓடெட்டைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதான், ஆனா சொன்ன இடம்தான்..." என்று இழுத்தார். "வேற எந்த இடத்துல அவங்க நான் பேசுறதக் கேட்டிருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு வகுப்பு மாற்றச் சீட்டுகளைப் பார்க்கப் போனாள்.

ஜூலையில் 'உள்ளூர்க் குரல்' எண் செத்துப்போனது. எம்மெட் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் ஏற்பாட்டில் இருந்தான். அந்த எண்ணுக்கு யாரும் பணம் கட்டவில்லை. சுவரொட்டி மட்டும் பளபளவென்று சுவரில் இருந்தது. ஒரு கிழவி கண் அறுவைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்க அதற்கு நாள் முழுக்க அடித்துப் பார்த்துவிட்டு, தப்பான நேரத்தில் வந்து, திருப்பி அனுப்பப்பட்டாள். கிளாடெட் சொல்லி ஓடெட் வந்து, சுவரொட்டியை நகத்தால் கிழித்தெடுத்தாள். அதோடு நிற்கவில்லை. இரண்டு பேருமாகக் கிளினிக் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போனார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் தலையில் இத்தனை வருடம் இதைக் கட்டிவைத்ததே வெட்கக்கேடு, இது சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்று ஓடெட் தாழ்ந்த குரலில் அவர்களை வாட்டி எடுத்தாள். ஒத்திப்போட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கும் போனாள். இலையுதிர்காலத்தில் கிரியோல் பேசுகிற ஓர் அம்மாளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

நன்றி நவிலல் நாள் விருந்துக்கு ஓடெட்டின் தங்கை ஆர்லிண்டா வீட்டில் எல்லாரும் கூடினார்கள். வான்கோழிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சட்டியில் கச்சுப்பா, சோளமும் பயறும் பன்றியிறைச்சியும் போட்டு ஆர்லிண்டா காலையிலிருந்து கிளறியது. கல்லூரியிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஜந்தீரா மதியம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உயிரியல் பிடித்திருக்கிறதாம், குளிர் பிடிக்கவில்லையாம், அறைத்தோழி குறட்டை விடுகிறாளாம். நன்றாக இருந்தாள்.

அவள் போனதும் ஆர்லிண்டா தட்டில் கச்சுப்பாவைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "பாத்தியாக்கா, எல்லாம் நல்லபடியாத்தான் முடிஞ்சுது. பொண்ணுக்குப் படிப்பும் கெடச்சுது, கிளினிக்குக்கு ஆளும் கெடச்சுது. இன்னும் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

"நல்லபடியா முடிஞ்சுதுன்னு யாருடி சொன்னா?"

"நீ வேற. இப்போ அவ சிரிச்சிட்டுத்தானே போறா."

"அவ நல்லா இருக்கிறது அவ சாமர்த்தியம். அவங்க பண்ணதுக்கு அது பதில் ஆகாது" என்றாள் ஓடெட். "போன வாரம் இன்னொரு பொண்ணு என் ரூம்ல உக்காந்திருந்தா. பேக்கரியில காலையில நாலு மணி வேலை பாத்துட்டுப் பள்ளிக்கூடம் வர்றவ. இத எழுதும்மான்னேன். என்னையே பாத்துட்டுச் சொல்றா, 'வேணாம் மிஸ், ஜந்தீராவுக்கு நடந்தது தெரியும், நம்ப மாட்டாங்க'ன்னு."

ஆர்லிண்டா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "நீ என்ன சொன்னே?"

"எழுதுன்னேன். நம்பலேன்னா நான் வந்து கேக்குறேன்னேன்." தட்டைத் தங்கையிடம் நீட்டினாள். "அந்த இறைச்சித் துண்டையும் போடு. இந்த வருஷம் ஓய்வு வாங்கலாம்னு இருந்தேன். இனி எங்க வாங்குறது."